பெயர் பெற்ற நோய்களும் பெயர் இழந்த மாந்தரும்

சங்கத் தொகை நூல்களைப் பயில்வோர் ஒரு விந்தையை எதிர்கொள்வர். பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்துபோக, அவர் பாட்டில் அமைந்த அழகிய தொடரொன்றே அவருக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. செம்புலப்பெயல்நீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார், அணிலாடு முன்றிலார் என்போர் இவ்வாறு பெயர் பெற்றவர்களே. இங்கு ஆள் மறைந்தார். அவரது ஆக்கம் அவருக்குப் பெயர் தந்தது. மருத்துவ நூல்களைப் புரட்டினால் இதற்கு நேர்மாறான காட்சி தோன்றுகிறது. பார்க்கின்சன் நோய், அடிசன் நோய், பபின்ஸ்கி குறி, கொரிகன் நாடி என அங்கே நோய்க்கும் நோய்க்குறிக்கும் ஆட்களின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன.

மருத்துவ நூலில் உள்ள பெயர்கள் பற்றிக் கலைப்பீட மாணவன் ஒருவன் எழுதுவானேன் எனச் சிலர் வினவலாம். நோய் மருத்துவருக்கு உரியது. ஆனால் நோய்க்குப் பெயரிடுதல் ஒரு வரலாற்று நிகழ்ச்சி. யார் பெயரிட்டார், எந்த ஆண்டில், எந்த மொழியில், எவருடைய அதிகாரத்தின் கீழ் என்ற வினாக்கள் வரலாற்று மாணவனுக்கு உரியவை. நான் வசிக்கும் ஹெவ்லொக் டவுன், 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஹெவ்லொக் வீதிக்குச் சம்புத்தத்வ ஜயந்தி மாவத்தை எனப் புதுப்பெயர் சூட்டப்பட்ட பின்னரும் மக்கள் வாயில் பழைய பெயரே வழங்குகிறது. ஆயினும், அந்த ஹெவ்லொக் யார் என்பதை இங்கு வாழ்வோரிற் பெரும்பாலோர் அறியார். வீதிப் பெயரைப் போலவே நோயின் பெயரும் ஓர் ஆவணம். ஆவணத்தைப் படிப்போர் அதில் எழுதப்பட்டதை மட்டுமன்றி, எழுதாது விடப்பட்டதையும் தேடுதல் வேண்டும். நோய்ப்பெயர்களை அவ்வாறு படிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மருத்துவ மரபில் பெயர்

நமது சித்த மருத்துவ மரபு நோய்களை வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றங்களின் வழியே வகுத்துப் பெயரிட்டது. மனிதருக்கு வரும் நோய்கள் 4448 என்பது அம்மரபின் கணக்கு. அவ்வளவு நோய்களை எண்ணியோர் அவற்றுள் எதற்கும் தம் பெயரைச் சூட்டினாரல்லர். அகத்தியர், தேரையர், யூகி முதலியோரின் பெயர்கள் நூல்களோடு வழங்கினவேயன்றி நோய்களோடு வழங்கவில்லை. நோயின் பெயர் நோயாளியின் உடலிற் காணப்பட்ட குறியைச் சுட்டியது. நூலின் பெயர் ஆசிரியரைச் சுட்டியது.

எனினும், நமது மரபிலும் பெயர் எப்போதும் உழைத்தவரையே சேர்ந்தது எனக் கொள்ளல் பொருந்தாது. யாழ்ப்பாணத்து மருத்துவ நூல்களுள் தலைசிறந்தவை செகராசசேகரமும் பரராசசேகரமும் ஆகும். இவ்விரண்டும் ஆரியச் சக்கரவர்த்திகள் மாறிமாறிப் பூண்ட சிம்மாசனப் பெயர்கள். மருந்தரைத்தும் நாடி பார்த்தும் அனுபவத்தால் அறிந்ததைச் செய்யுளாக்கித் தந்த வைத்தியர்களின் பெயர் நூலுக்கு வாய்க்கவில்லை. ஆதரித்த அரசரின் பெயரே வாய்த்தது. ஆகவே பெயர் அதிகாரத்தின் பக்கம் சாய்வது மேலைநாட்டாருக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

ஐரோப்பாவில் எழுந்த வழக்கம்

நோய்க்கு ஆளின் பெயரைச் சூட்டும் வழக்கம் ஐரோப்பாவிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருகிற்று. பெரிய வைத்தியசாலைகள், பிரேத பரிசோதனை, அச்சிட்ட மருத்துவச் சஞ்சிகைகள் ஆகிய மூன்றும் அதற்குக் காரணமாயின. வைத்தியசாலையில் ஒரே வகை நோயாளர் பலரை ஒருங்கே காண முடிந்தது. பிரேத பரிசோதனை உள்ளுறுப்பின் பழுதைக் காட்டியது. சஞ்சிகை முதலில் எழுதியவர் யார் என்பதைத் திகதியோடு பதிவு செய்தது. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றிச் சிறுநூலொன்று எழுதினார். அந்நோய்க்கு அவர் பெயரை வழங்கச் செய்தவர் பிற்காலத்திற் பாரிசில் வாழ்ந்த சார்க்கோ என்னும் நரம்பியல் மேதை. பெரும்பாலும் ஒருவர் தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்வதில்லை. பின்வந்த செல்வாக்குடைய ஒருவரே அதைச் சூட்டுகிறார். இந்த உண்மையை நினைவிற் கொள்ளல் நலம்.

இலக்கிய மாணவர் விரும்பக்கூடிய விதிவிலக்கொன்றும் உண்டு. இதயத்தின் பெருநாடி வால்வு சரிவர மூடாத நோயில், நாடித் துடிப்போடு ஒத்துத் தலையும் மெல்ல அசைவதுண்டு. அக்குறிக்கு ‘முசே குறி’ என்று பெயர். முசே மருத்துவர் அல்லர். பிரான்சிய கவிஞர் அல்பிரட் டி முசே (1810–1857) ஆவார். அவர் தலை அவ்வாறு அசைவதை முதலிற் கவனித்தவர் அவருடைய தமையனார். ஆயிரமாயிரம் நோய்ப்பெயர்களுக்கிடையில் நோயாளியின் பெயர் நிலைத்த மிகச் சில இடங்களுள் இஃது ஒன்று. அந்த நோயாளி புகழ்பெற்ற கவிஞராயிருந்தமையாலேயே இது நிகழ்ந்தது என்பதையும் மறத்தலாகாது.

பறங்கி என்னும் நோய்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையிற் சிங்களவரும் தமிழரும் ஒரு நோயைப் ‘பறங்கி’ என்று அழைத்தனர். ஆங்கிலத்தில் அதற்கு ‘யோஸ்’ என்று பெயர். உடலெங்கும் தடித்த புண்கள் தோன்றி, காலஞ்செல்ல எலும்பையும் அரித்து உருக்குலைக்கும் நோய் இது. தோலோடு தோல் படுவதாற் பரவுவது. பெரும்பாலும் சிறுவரைப் பற்றுவது. நீரும் சவர்க்காரமும் அரிதான ஏழைக் குடிசைகளில் தங்குவது.

பறங்கி என்ற சொல்லோ போர்த்துக்கேயரைக் குறிப்பது. 1505இல் வந்திறங்கிய அந்நியரே இந்நோயையும் கொண்டு வந்தனர் என மக்கள் நம்பினர். இத்தகைய பெயரீடு நமக்கு மட்டும் உரியதன்று. மேகநோயை இத்தாலியர் பிரான்சிய நோய் என்றனர். பிரான்சியர் அதை நேப்பிள்ஸ் நோய் என்றனர். இந்திய மருத்துவ நூலாகிய பாவபிரகாசம் அதனைப் ‘பிரங்க ரோகம்’ எனக் குறித்தது. பிரங்கம், பறங்கி என்னும் இரு சொற்களும் ஒரே வேரிற் பிறந்தவை. நோயை அயலார் பெயரால் அழைத்துத் தம்மைத் தூயோராகக் காட்டிக்கொள்வது உலகெங்கும் உள்ள மனப்போக்கு எனலாம். எனினும் ஈழத்துப் ‘பறங்கி’ என்னும் சொல்லில் வேறொரு தொனியும் கேட்கிறது. ஆண்டவரின் சஞ்சிகைகளில் எழுத இயலாத மக்கள், தம்மை ஆண்டவருக்கு எதிராகத் தம் மொழியிற் பதிந்துவைத்த குற்றச்சாட்டு அது.

1860களின் பிற்பகுதியிலே வன்னியில் மக்கட்டொகை குன்றிவருவது அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்தது. தேசாதிபதி சேர் ஹேர்குலிஸ் றொபின்சன், வட மாகாணத்துக் குடியேற்ற நாட்டுச் சத்திரவைத்தியரான ஜேம்ஸ் லூஸ் என்பவரை ஆராயப் பணித்தார். குளங்கள் தூர்ந்து, ஊர்கள் வெறிச்சோடி, நோயும் பசியும் நிறைந்த நிலத்தை லூஸ் கண்டார். உள்நாட்டவருக்கே மேலைமருத்துவத்தைக் கற்பித்து ஊர்தோறும் அனுப்பவேண்டும் என்பது அவர் கருத்து. அதன் விளைவாக 1870இற் கொழும்பில் மருத்துவப் பாடசாலை தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடமாயிற்று. இலங்கையின் முதல் மருத்துவ பீடம் வன்னியில் மாண்ட மக்களின் கணக்கிலிருந்து பிறந்தது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்று கின்சி வீதி வழியே செல்வோர் மருத்துவ பீடத்தின் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காணலாம். அது கொக் ஞாபகார்த்தக் கோபுரம். கொக் என்றதும் காசநோய்க் கிருமியைக் கண்ட ஜெர்மனியர் றொபேட் கொக்கை நினைப்போர் உளர். ஆயின், 1882இல் அவர் அக்கிருமியை உலகுக்கு அறிவிப்பதற்கு ஓராண்டு முன்னரே, 1881இல், இக்கோபுரம் எழுந்துவிட்டது. இங்கு போற்றப்படுபவர் மருத்துவப் பாடசாலையின் இரண்டாவது அதிபராயிருந்து 1877இற் காலமான எட்வின் லோசன் கொக் ஆவார். உலகப் புகழ் பெற்ற பெயர், அதே பெயருடைய உள்ளூர்ப் பெரியாரை எவ்வாறு மறைத்துவிடுகிறது என்பதற்கு இக்கோபுரமே சான்று.

வீதிக்குப் பெயர் தந்த வில்லியம் றேமண்ட் கின்சி பிரதான சிவில் வைத்திய அதிகாரியாயிருந்தவர். கோபுரம் எழுந்த அதே 1881இல் பறங்கி நோய் பற்றி அவர் விரிவான அறிக்கையொன்றை அளித்தார். அவர் பெயர் வீதியில் நிலைத்தது, நோயில் நிலைக்கவில்லை.

கொழும்பிற் கஸ்ரெல்லானி

பறங்கி நோயின் காரணம் கொழும்பிலேயே வெளிப்பட்டது. அல்டோ கஸ்ரெல்லானி இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தவர். 1902இல் உகண்டாவில் உறக்கநோயை ஆராயச் சென்ற குழுவில் இடம்பெற்று, நோயாளரின் மூளைமுண்ணாண் நீரில் ஒட்டுண்ணியைக் கண்டார். அக்கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்பது பற்றி அவருக்கும் டேவிட் புறூஸ் என்பாருக்கும் இடையே கசப்பான பூசல் மூண்டது. அந்தப் புறூசின் பெயரோ முன்பு மால்ற்றாக் காய்ச்சல் எனப்பட்ட நோயில் இன்று வழங்குகிறது. வெள்ளாட்டுப் பால் வழியே அது பரவுவதற்கு அடிப்படையான உண்மையை 1905இற் கண்டறிந்தவர் மால்ற்றாத் தீவின் மைந்தரான தெமிஸ்ரொகிளிஸ் ஸமிற் ஆவார். தீவின் பெயர் நோயிலிருந்து நீங்கியபோது, தீவின் மைந்தர் பெயர் அவ்விடத்துக்கு வரவில்லை.

கஸ்ரெல்லானி 1903இற் கொழும்புக்கு வந்து, அரசாங்க நுண்ணங்கியியலாளராக 1915 வரை பணியாற்றினார். 1905இல் ஜெர்மனியிற் சௌடினும் ஹொஃப்மனும் மேகநோயின் சுருளி நுண்ணங்கியைக் கண்டறிந்தனர். அதே ஆண்டிற் கஸ்ரெல்லானி பறங்கி நோயாளரின் புண்களிலிருந்து எடுத்த நீரை நுணுக்குக்காட்டியில் நோக்கி, அதனையொத்த மெல்லிய சுருளி நுண்ணங்கியைக் கண்டார். ‘மிக மெல்லியது’ என்னும் பொருள்பட அதற்கு இலத்தீனிற் பெயரிட்டார். போர்த்துக்கேயர் வந்திறங்கி நானூறு ஆண்டுகள் நிறைந்த வேளையில், அவர் பெயரால் மக்கள் அழைத்த நோயின் மெய்யான காரணம் அதே கொழும்பில் வெளிப்பட்டது.

கஸ்ரெல்லானியின் பெயர் மருத்துவத்திற் பல இடங்களில் நிலைத்தது. இலங்கையில் அவர் விவரித்த ஒருவகைச் சுவாசக்குழாய் அழற்சி அவர் பெயரால் வழங்குகிறது. தோலிற் படரும் பங்கசு நோய்களுக்குப் பூசும் செந்நிற மருந்தும் ‘கஸ்ரெல்லானி பூச்சு’ என்றே அறியப்படுகிறது. மருத்துவக் கல்லூரியிற் பதிவாளராயிருந்த சாமர்சுடன் சேர்ந்து 1910இல் அவர் வெளியிட்ட அயனமண்டல மருத்துவ நூல் நெடுங்காலம் பாடநூலாக விளங்கிற்று. பிற்காலத்தில் அவர் முசோலினியின் ஆட்சிக்கு நெருங்கியவராகி, எதியோப்பியப் படையெடுப்பின்போது இத்தாலியப் படையின் மருத்துவப் பொறுப்பை ஏற்றார். கொழும்பின் ஏழைகளின் புண்ணில் நுண்ணங்கி கண்ட கை, மற்றோர் ஏழை நாட்டை வென்றடக்கிய படைக்கும் உதவிற்று. ஒரு பெயரைப் படிப்போர் அதன் முழு வாழ்வையும் படிக்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பறங்கி நோய் கஸ்ரெல்லானி நோய் ஆகவில்லை. என் அம்மம்மா வன்னியிற் பிறந்தவர். ‘பறங்கிப் புண்’ என்னும் சொல்லைச் சிறுவயதிற் கேட்டதாக இன்றும் சொல்வார். கஸ்ரெல்லானி என்ற பெயரை அவர் அறியார். மக்கள் இட்ட பெயர் அறிஞர் இட்ட பெயரை வென்று நின்ற இடம் இது. ஆயினும் அவ்வெற்றி முழுமையானதன்று. ஆசிரியர் பெயர் கோபுரத்தில், அதிகாரி பெயர் வீதியில், ஆய்வாளர் பெயர் மருந்துப் போத்தலில் நிற்கின்றன. மாண்டவருக்கு எஞ்சியதோ அவர்களைத் துன்புறுத்திய நோயின் பெயர் மட்டுமே. அதுவும் அந்நியர் பெயர்.

சென்னையும் கல்கத்தாவும்

பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையில், கஸ்ரெல்லானி கொழும்பு வந்த 1903ஆம் ஆண்டிலேயே, இன்னொரு பெயர் பிறந்தது. காலா அசார் எனப்படும் கறுப்புக் காய்ச்சல், மண்ணீரலைப் பெரிதாக்கி உடலை உருக்கிக் கொல்வது. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம்மில் நோயுற்று இங்கிலாந்தில் இறந்த படைவீரன் ஒருவனின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்ணுருக்களைப் பற்றி வில்லியம் லீஷ்மன் 1903 மே 30இல் எழுதினார். சென்னை அரசாங்கப் பொது வைத்தியசாலையிற் பணியாற்றிய சார்ள்ஸ் டொனொவன் அவற்றையே பிரேத பரிசோதனையிற் கண்டார். பின்னர் உயிருடனிருந்த நோயாளியின் மண்ணீரலிலும் கண்டார். டொனொவன் கல்கத்தாவிற் பிறந்த ஐரிஷ்காரர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். முதலிற் கண்டவர் யார் என்ற வழக்கை, மலேரியா ஆய்வாற் புகழ்பெற்ற றொனால்ட் றொஸ் தீர்த்துவைத்தார். ‘லீஷ்மன்-டொனொவன் உருக்கள்’ என்று நோய்க்குறிக்குப் பெயரிட்டு, ஒட்டுண்ணியின் பெயரில் ஒருவரைப் பேரினத்துக்கும் மற்றவரை இனத்துக்கும் பங்கிட்டார்.

பெயர் பெறுவது சமாதான உடன்படிக்கை போல அமைந்த சுவையான நிகழ்ச்சி இது. ஆனால் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட மூவருள் எவரும் நோயுற்றவரல்லர். டம்டம் படைவீரனும் சென்னை நோயாளிகளும் அந்த உடன்படிக்கையில் இல்லை. டொனொவனின் பெயரோ இன்று நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. 1992ஆம் ஆண்டு முதல் இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றியதாகக் கண்டறியப்பட்டு வரும் தோற்புண் நோய்க்குக் காரணம் அவர் பெயரைத் தாங்கிய அதே ஒட்டுண்ணியே. மண்ணீரலைத் தாக்கிக் கொல்லும் இனம் இங்கு பெரும்பாலும் தோலில் மட்டுமே புண் செய்வது ஆய்வாளருக்கு வியப்பளிக்கிறது.

இவ்வரலாற்றில் இந்தியர் ஒருவரின் பெயரும் இடம்பெற்றமை நமக்கு ஆறுதல் தருவது. உபேந்திரநாத் பிரமச்சாரி (1873–1946) கல்கத்தாவின் கம்பல் மருத்துவப் பாடசாலையில் வசதியற்ற சிற்றறையொன்றில் உழைத்து, யூரியா ஸ்திபமைன் என்னும் மருந்தை ஆக்கினார். மிகப் பெருந்தொகையினரைக் கொன்ற காய்ச்சல் அம்மருந்தால் அடங்கிற்று. நோய் நீங்கிய பின்னர் சிலருடைய தோலில் மீண்டும் தழும்புகள் தோன்றுவதை 1922இல் அவர் விவரித்தார். அது ‘பிரமச்சாரி லீஷ்மனாய்ட்’ எனப் பெயர் பெற்றது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டதாயினும் பரிசு கிட்டவில்லை. உயிர் காத்த மருந்தில் அவர் பெயர் இல்லை. எஞ்சிய தழும்பிலேயே இருக்கிறது.

மதுரைக் காலும் மானிப்பாய் நூலும்

தமிழரின் ஊர்ப்பெயர் ஒன்றும் மருத்துவ அகராதியில் இடம்பெற்றுள்ளது. அது ‘மதுரைக் கால்’. வெறுங்காலோடு வயலில் உழைக்கும் உழவரின் பாதத்தில் முள் தைத்த புண் வழியே மண்ணிலுள்ள பங்கசு அல்லது பற்றீரியா புகுந்து, பாதம் வீங்கி, துளைகள் தோன்றி, அவற்றிலிருந்து நுண்மணிகள் வெளிப்படும் நோய் அது. மதுரை மருந்தகத்திற் பணியாற்றிய கில் என்பவர் 1842இல் இதனை விவரித்தார். 1846இற் கோல்புறூக் இந்த ஊர்ப்பெயரை வழங்கினார். 1905இற் பிரான்சிய அறிஞர் புறும்ப் இதற்குக் காரணமான பங்கசின் பேரினத்துக்கு ‘மதுரெல்லா’ என்று பெயரிட்டார். சூடானிலும் மெக்சிக்கோவிலும் பெருவாரியாகக் காணப்படும் நோய், சங்கம் வளர்த்த நகரின் பெயரைச் சுமக்கிறது. மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் அந்நோயோடு நடந்த உழவர் எவர் என்பது மட்டும் எந்த நூலிலும் இல்லை.

இந்நோய் பங்கசினால் உண்டாகலாம் எனக் காட்டி, 1860இல் ‘மைசெற்றோமா’ என்னும் பெயரைத் தந்தவர் பம்பாயிற் பணியாற்றிய ஹென்றி வன்டைக் கார்ட்டர். இவர் பெயரை அறியாதோரும் இவர் கைவண்ணத்தை அறிவர். 1858இல் வெளிவந்து உலகெங்கும் மருத்துவ மாணவர் கையில் தவழும் ‘கிறேயின் உடற்கூற்றியல்’ நூலின் சித்திரங்கள் அனைத்தையும் தீட்டியவர் இவரே. நூல் கிறேயின் பெயரால் வழங்குகிறது. தலைப்புப் பக்கத்திற் கார்ட்டரின் பெயர் சிறிய எழுத்துக்குச் சுருங்கிற்று. நோய்க்குப் பெயர் தந்தவர்களிடையேயும் பெயர் இழந்தோர் இருந்தனர்.

அந்தக் கிறேயின் நூல் தமிழுக்கும் வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அறுபதுக்கும் மேற்பட்ட மாணவரை வைத்தியராக்கினார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரும் அவர் பயிற்றிய தமிழரும் உழைத்து, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தந்தனர். கிறேயின் உடற்கூற்றியலே 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. நரம்புக்கும் நாளத்துக்கும் எலும்புக்கும் தசைக்கும் தமிழ்ச் சொல் தேடி, வேண்டிய இடத்து வடசொல்லைக் கொண்டு, இரண்டும் இயலாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றிக் கலைச்சொற்களை அவர்கள் ஆக்கினர்.

கிறீனின் பெயரால் எந்த நோயும் இல்லை. எந்த நோய்க்குறியும் இல்லை. மானிப்பாயில் வைத்தியசாலை ஒன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்பதையே தம் கல்லறையிற் பொறிக்கவேண்டும் என அவர் விரும்பினார். பிறர் ஓர் உறுப்புக்குத் தம் பெயரைத் தந்தபோது, அவர் ஒரு மொழிக்கு எல்லா உறுப்புகளின் பெயரையும் தந்தார். பெயர் சூட்டியோர் வரலாற்றில் அவருக்குத் தனியிடம் உண்டு என்பது என் துணிபு.

பெயரை நீக்கலாமா?

ஆட்பெயர்கள் யாவற்றையும் நீக்கிவிட வேண்டும் என்று கூறுவோர் இன்று உளர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. மூட்டழற்சி வகை ஒன்று ஜெர்மானிய வைத்தியர் ஹான்ஸ் றைட்டரின் பெயரால் வழங்கி வந்தது. அவர் நாசி ஆட்சியில் உயர்பதவி வகித்துப் புக்கன்வால்ட் வதைமுகாமிற் கைதிகள் மீது நடத்தப்பட்ட கொடிய சோதனைகளோடு தொடர்புற்றவர் என்பது வெளிப்பட்டபின், மருத்துவ உலகம் அப்பெயரைக் கைவிட்டது. 2015இல் உலக சுகாதார நிறுவனம், புதிய நோய்களுக்கு இடத்தின் பெயரோ ஆளின் பெயரோ சூட்டலாகாது என வழிகாட்டியது. 2020இல் உலகை உலுக்கிய பெருந்தொற்றுக்கு ‘கோவிட்-19’ எனப் பெயரிட்டபோது அவ்விதி பின்பற்றப்பட்டது. ‘பறங்கி’ போன்ற பழிப்பெயர் மீண்டும் தோன்றாதிருக்க இவ்விதி வேண்டியதே.

எனினும் ஆட்பெயர் சில வேளைகளிற் கருணையின் கருவியாகவும் பயன்பட்டது. 1866இல் ஜோன் லாங்டன் டவுன் விவரித்த பிறவிக் குறைபாடு, மங்கோலியர் என்னும் இனத்தின் பெயரால் நெடுங்காலம் இழிவாக வழங்கிற்று. 1961இல் அறிஞர் சிலர் அதனைக் கண்டித்தனர். 1965இல் மங்கோலிய நாட்டின் வேண்டுகோளுக்கிணங்க உலக சுகாதார நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டது. அதன்பின் ‘டவுன்’ என்ற ஆட்பெயரே மதிப்பான பெயராயிற்று. குட்டநோய்க்கும் இதுவே நிகழ்ந்தது. குட்டரோகி என்ற சொல் ஒரு மனிதனை ஊருக்குப் புறம்பே தள்ளப் போதுமானதாயிருந்தது. ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் அமைத்த தொழுநோய் மருத்துவமனை அத்தகையோரின் ஒதுக்கிடம். 1873இல் நோர்வே நாட்டு ஹான்சன் அந்நோயின் கிருமியைக் கண்டமையால், ‘ஹான்சன் நோய்’ எனச் சொல்லிப் பழைய வடுவை மாற்ற முயன்றனர்.

ஆயின் இங்கும் வரலாறு ஒரு கேள்வியை எழுப்புகிறது. 1879இல் ஹான்சன் நோயாளிப் பெண் ஒருவரின் கண்ணிலே, அவர் சம்மதமின்றி, நோய்ப்பொருளைச் செலுத்திச் சோதித்தார். நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு வைத்தியசாலைப் பதவியிலிருந்து நீக்கியது. நோயாளரின் வடுவை நீக்க நாம் எடுத்தாண்ட பெயர், நோயாளி ஒருவருக்குத் தீங்கிழைத்தவரின் பெயராகவும் இருக்கிறது. இதற்கு எளிய விடை இல்லை. பெயரை வைத்திருப்பதாயின் அதன் முழு வரலாற்றையும் வைத்திருத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். நோயின் மேலுள்ள பெயர், அந்நோயை அறிந்தவர் யார் என்பதைவிட, எழுதும் வாய்ப்பும் ஏற்கச் செய்யும் செல்வாக்கும் யாருக்கு இருந்தன என்பதையே பெரிதும் காட்டுகிறது. டொனொவனுக்கு றொஸ் கிடைத்தார். பார்க்கின்சனுக்குச் சார்க்கோ கிடைத்தார். ஸமிற்றுக்கு எவரும் கிடைக்கவில்லை. நோயாளருள் ஒரு கவிஞருக்கு மட்டும் ஓரிடம் கிடைத்தது. ஆதலின், பெயர்களை அழித்துவிடுதல் மட்டும் நீதியாகாது. வெறுமையாகிய இடத்தில் மறக்கப்பட்டவர் தாமாக வந்து அமரமாட்டார். பெயர்களை ஆவணமாகக் கொண்டு, அவற்றின் பின்னால் நின்றோரைத் தேடுவதே நம் கடன். வைத்தியசாலைக் குறிப்புகளும், குடியேற்றக்கால அறிக்கைகளும், ஊர்களில் வழங்கும் நோய்ச்சொற்களும் நமக்காகக் காத்திருக்கின்றன. இவற்றுள் முதலில் அழியக்கூடியவை முதியோர் நாவில் உள்ள சொற்களே.

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் நாள்தோறும் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குச் செல்வோர் பலர். அவர்கள் கொக் கோபுரத்தின் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை அறிவர். அக்கோபுரம் நிற்கும் கல்விக்கூடம் எழுந்ததற்குக் காரணமான வன்னி மக்களின் பெயர் அதில் இல்லை. அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது, மணியைப் பார்த்தபின் அவர்களையும் ஒரு கணம் நினைப்போமாக.